கணினிக்கு எத்தனை நினைவு?



கூலிமிலோ சுங்கைப் பட்டாணியிலோ பிள்ளைக்குக் கணினி வாங்கப் போகிறீர்கள். "ரேம் 8 ஜி.பி., ஸ்டோரேஜ் 256 ஜி.பி." என்கிறார் கடைக்காரர். இரண்டும் நினைவுதானே, பெரிய எண் இருந்தால் போதும் என்று தலையாட்டிவிடாதீர்கள்.

முதலில் ரேம். பால்மரம் வெட்டியவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். ரேமுக்குள் கோடிக்கணக்கில் நுண்ணிய மங்குகள் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். பாலுக்குப் பதில் மின்சாரம். ஆனால் எல்லாம் ஓட்டை மங்கு! கசிந்துகொண்டே இருப்பதால், நிறைந்திருந்த மங்கு எது என்று பார்த்து நொடிக்கு 15 தடவைக்கு மேல் மறுபடியும் நிரப்ப வேண்டும். கரண்டு போனால் நிரப்ப வழியேது? எல்லாம் காலி. மகள் இரண்டு மணி நேரம் தட்டெழுதிய பள்ளிக் கட்டுரை, 'சேவ்' செய்யாததால் மாயமாகிப் போவது இப்படித்தான். பின் எதற்கு இந்த ஓட்டை மங்கு என்பீர்கள். வேகம்! சேமிப்பு எதுவும் அதன் அருகில் வர முடியாது.

சேமிப்பில் பழைய வகை ஹார்ட் டிஸ்க். சுழலும் தட்டில் காந்தத்தால் எழுதுவது. மலிவு, ஆனால் கீழே விழுந்தால் கெட்டுவிடக்கூடும். புதிய வகை எஸ்.எஸ்.டி. கைப்பேசியிலும் பென் டிரைவிலும் உள்ள 'ஃபிளாஷ்'தான் அதிலும் இருக்கிறது. 1980களில் ஜப்பானின் தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா உருவாக்கியது. இது மூடி போட்டு அடைத்த மங்கு. கரண்டு இல்லாமலே ஆண்டுக்கணக்கில் தாங்கும். அழித்து அழித்து எழுதினால் மட்டும் மங்கு தேய்ந்துபோகும்.

இதெல்லாம் நமக்கு அந்நியமான சங்கதியல்ல. இன்டெல் நிறுவனம் 1972இல் பினாங்கு பாயான் லெப்பாசில் தொழிற்சாலை திறந்தபோது, அதன் முக்கியச் சரக்கே நினைவகச் சிப்புகள்தாம். 1996இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா வந்தது. விடியுமுன் தொழிற்சாலை பஸ் ஏறி, நுண்ணோக்கியில் கண் வைத்து மயிரிழைக் கம்பி பிணைத்தவர்களில் தோட்டத்துப் பெண்களும் உண்டு. உங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

பழைய கணினி வாங்கினால், 4 ஜி.பி. ரேமும் 1,000 ஜி.பி. ஹார்ட் டிஸ்க்கும் உள்ளதைவிட, 8 ஜி.பி. ரேமும் 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யும் உள்ளதே பள்ளிப் பிள்ளைக்கு நல்லது. படம் வைக்க இடம் போதாவிட்டால் தனியாக வாங்கிச் சேர்க்கலாம்.

தோட்டம் விற்கப்பட்டு, லயங்களும் இடிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இன்னொன்று. பாட்டி தாத்தாவோடு லயத்து வாசலில் எடுத்த படங்களை ஒரே பென் டிரைவில் போட்டு அலமாரியில் பூட்டிவிடாதீர்கள். மூடிய மங்கும் மெல்லக் கசியும். வேறொன்றிலும் ஒரு படி எடுத்து வையுங்கள். தீபாவளிக்குத் தீபாவளி இரண்டையும் திறந்து பாருங்கள்.