பாடியவர் பெயரும் படைத்தவர் பெயரும்

ஒரு பாட்டைக் கேட்கிறோம், மகிழ்கிறோம், பாடியவர் யார் என்று வினவுகிறோம். அதோடு நம் வினா நின்றுவிடுகிறது. அப்பாட்டுக்குச் சொல் தந்தவர் யார், மெட்டமைத்தவர் யார், எந்தக் கருவி எவ்விடத்தில் ஒலிக்க வேண்டும், எவ்விடத்தில் அடங்க வேண்டும் என்று முடிவு செய்தவர் யார் என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுவதே இல்லை. குரலைக் கொண்டாடுவது குற்றமன்று. ஆனால், குரலோடு முடிந்துவிடும் கொண்டாட்டம் பாதிக் கொண்டாட்டமே என்பது எம் கருத்து.

இக்கருத்துக்குச் சான்றாக அமெரிக்க ஐக்கிய நாட்டின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் வாழ்ந்த ஆலன் டூசான்ட் என்பாரின் கலை வாழ்வை எடுத்துக்கொள்கிறோம். தமிழ்த்துறை மலரில் மேலைநாட்டுப் பாட்டுக்காரருக்கு என்ன இடம் என்று சிலர் கேட்கலாம். படைப்பையும் படைத்தவர் பெயரையும் பற்றிய கவலை இலக்கியம் பயில்வோர் அனைவருக்கும் பொதுவானது. செம்புலப்பெயனீரார் என்னும் சங்கப் புலவருக்கு அவர் பாடிய தொடரே பெயராயிற்று. இயற்பெயரை நாம் இழந்தோம். ஈராயிரம் ஆண்டுப் பழமையால் நேர்ந்த இழப்பு அது. அச்சும் ஒலிப்பதிவும் பெருகிய நூற்றாண்டிலும் அதே இழப்பு நேருமானால், பழியைக் காலத்தின்மேல் சுமத்த இயலாது.

தயாரிப்பாளர் என்பவர் யார்?

நம்மவரிடையே தயாரிப்பாளர் என்றால் பணம் போடுபவர் என்றே பொருள். இசைத்தட்டு உலகில் அச்சொல்லின் பொருள் வேறு. எந்தப் பாட்டை யார் பாடுவது, எந்தச் சுருதியில், எந்த வேகத்தில் பாடுவது, எத்தனை கருவிகள் துணை நிற்பது, பதிவானவற்றுள் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்பனவற்றை எல்லாம் ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்து தீர்மானிப்பவரே அங்குத் தயாரிப்பாளர். நூலாசிரியர்க்குப் பதிப்பாசிரியர் எப்படியோ, பாடகர்க்கு அவர் அப்படி. டூசான்டோ இவற்றுக்கும் மேலே, பாட்டைத் தாமே எழுதினார், மெட்டமைத்தார், பியானோவும் வாசித்தார். இத்தனையும் செய்தபின் தட்டின் முகப்பில் வேறொருவர் பெயர் ஒளிர்வதைக் கண்டு மகிழ்ந்தார்.

மறைந்து நின்ற தொடக்கம்

1938ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் நியூ ஆர்லியன்ஸின் கெர்ட் டவுன் என்னும் எளியோர் வாழும் பகுதியில் அவர் பிறந்தார். வீட்டிலிருந்த பழைய பியானோவில் பெரும்பாலும் தாமாகவே பயின்றார். அந்நகரின் புகழ்பெற்ற பியானோ கலைஞரான புரொபசர் லாங்ஹேரின் வாசிப்பே அவருக்குப் பாடமாயிற்று.

அவர் தொழிலுக்குள் நுழைந்த விதமே பின்வரும் வாழ்வுக்கு முன்னறிவிப்புப் போல அமைந்தது. ஃபேட்ஸ் டோமினோ என்பார் அந்நாளில் நாடறிந்த பாடகர். பியானோ வாசிப்பிலும் தனிமுத்திரை பதித்தவர். 1957இல் அவருடைய இசைத்தட்டு ஒன்றுக்காக, அவர் ஊரில் இல்லாத நேரத்தில், இளைஞரான டூசான்ட் அமர்ந்து டோமினோவின் பாணியிலேயே பியானோவைப் பதிவு செய்தார். டோமினோ பின்னர்த் தம் குரலை அதன்மேல் சேர்த்தார். கேட்டவர் இரண்டையும் ஒருவரே செய்ததாக எண்ணினர். மறு ஆண்டே டூசான்ட் தம் சொந்த வாசிப்பை ஒரு முழு இசைத்தட்டாக வெளியிட்டார். அதிலும் அவர் பெயர் 'டூசான்' என்று சுருங்கியே அச்சாயிற்று. அத்தட்டிலிருந்த 'ஜாவா' என்னும் மெட்டை ஆல் ஹர்ட் எனும் எக்காளக் கலைஞர் எடுத்து வாசித்தார். 1964இல் அது அமெரிக்கா எங்கும் ஒலித்தது. புகழ் வாசித்தவரைச் சேர்ந்தது.

தாயின் பெயரில் பாட்டுகள்

1960இல் 'மினிட்' என்னும் சிறிய இசைத்தட்டு நிறுவனம் அவரைப் பணிக்கு அமர்த்தியது. அவருடைய பெற்றோர் வீட்டின் முன்னறையே பயிற்சிக் கூடமாயிற்று. ஏர்மா தாமஸ், எர்னி கே-டோ, ஆரன் நெவில், பென்னி ஸ்பெல்மன் எனப் பின்னாளில் பெயர்பெற்ற இளங்குரல்கள் அங்கே கூடின. ஒவ்வொருவர் குரலின் அளவும் அறிந்து, உடலளந்து சட்டை தைக்கும் தையற்காரரைப் போல அவர் பாட்டுத் தைத்தார். எர்னி கே-டோ பாடிய 'மதர்-இன்-லா' என்னும் மாமியார் பாட்டு 1961இல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. அப்பாட்டில் மாமியாரை விளிக்கும் ஆழ்ந்த அடிக்குரல் பென்னி ஸ்பெல்மனுடையது. எளிய நகைச்சுவைப் பாட்டுத்தான். எனினும் இரு குரல்களையும் எதிரெதிர் நிறுத்திய திறம் தயாரித்தவருடையது.

அக்காலப் பாட்டுகள் பலவற்றில் ஆசிரியர் பெயராக 'நயோமி நெவில்' என்று காணப்படும். அது டூசான்டின் தாயாருடைய திருமணத்துக்கு முந்தைய பெயர். 1962இல் ஸ்பெல்மன் பாடிய 'ஃபார்ச்சூன் டெல்லர்' என்னும் குறி சொல்பவள் பாட்டும் அப்பெயரிலேயே வந்தது. அதைக் கடல் கடந்து இங்கிலாந்தின் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் பாடினர். 45 ஆண்டுகள் கழித்து, 2007இல், ராபர்ட் பிளான்ட்டும் அலிசன் கிராஸும் இணைந்து வெளியிட்ட இசைத்தட்டிலும் அது இடம்பெற்றது. பாட்டு நாடு விட்டு நாடும் தலைமுறை விட்டுத் தலைமுறையும் சென்றது. அதை எழுதியவர் ஓர் ஆடவர் என்பதைக்கூட அறியாமல் கேட்டோர் எத்தனை பேரோ!

1963 முதல் 1965 வரை அவர் இராணுவப் பணியில் இருந்தார். அங்கும் ஓர் இசைக்குழு அமைத்தார். அக்குழுவுக்காக அவர் ஆக்கிய 'விப்ட் கிரீம்' என்னும் மெட்டை 1965இல் ஹெர்ப் ஆல்பர்ட் என்பார் வாசித்து வெளியிட, அது அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றின் இசையாகவும் ஆயிற்று. நாள்தோறும் கேட்ட செவிகளுள் ஆக்கியவரை அறிந்தவை மிகச் சில.

ஊரிலிருந்தே உலகை ஈர்த்தவர்

படைத்துறையிலிருந்து மீண்டபின் மார்ஷல் சீஹார்ன் என்பாரோடு கூட்டுச் சேர்ந்து தொழில் நடத்தினார். இக்காலத்தில் அவர் பாட்டுகளுக்கு வாய்த்த சிறந்த குரல் லீ டார்சியுடையது. டார்சி முன்னாள் குத்துச்சண்டை வீரர். மகிழுந்து பழுதுபார்க்கும் பட்டறை நடத்தியவர். 1966இல் வெளிவந்த 'வொர்க்கிங் இன் த கோல் மைன்' சுரங்கத் தொழிலாளியின் களைப்பைப் பாடுவது. எழுதியவரும் சுரங்கத் தொழிலறியார், பாடியவரும் அறியார். ஆயினும் சம்மட்டி விழும் ஓசையைத் தாளமாக்கி, உழைத்துச் சலித்தவன் பெருமூச்சை மெட்டாக்கியதால் உழைப்பாளர் எவர்க்கும் அது தம் பாட்டாயிற்று. 1970இல் டார்சிக்காக எழுதிய ஒற்றுமைப் பாட்டொன்று, 1973இல் பாயின்டர் சிஸ்டர்ஸ் என்னும் சகோதரியர் குழுவுக்கு முதற்பெரும் வெற்றியைத் தந்தது.

இங்கே மற்றொன்றும் கூறவேண்டும். டார்சியின் பாட்டுகள் பலவற்றுக்குக் கருவியிசைத்தோர் 'மீட்டர்ஸ்' என்னும் நால்வர் குழுவினர். திரைக்குப் பின் நின்றவர்க்கும் பின்னே நின்றோர் அவர்கள். ஒரு பாட்டின் பின்னே இத்தனை வரிசைகள் உண்டு என்பதை உணர்ந்தால், 'இவருடைய பாட்டு' என்று ஒருவரை மட்டும் சுட்ட நா எழாது.

இசைத்தொழிலின் தலைநகரங்களான நியூயார்க்குக்கோ லாஸ் ஏஞ்சலஸுக்கோ அவர் குடிபெயரவில்லை. 1973இல் தம் ஊரிலேயே 'சீ-செயின்ட்' என்னும் ஒலிப்பதிவுக் கூடத்தைச் சீஹார்னோடு சேர்ந்து திறந்தார். உலகம் அவரைத் தேடி அங்கே வந்தது. பீட்டில்ஸ் குழுவிலிருந்த பால் மக்கார்ட்னி 1975இல் தம் 'விங்ஸ்' குழுவோடு வந்து அங்கே பதிவு செய்தார். டாக்டர் ஜான் என்னும் அவ்வூர்க் கலைஞரை 1973இல் நாடறியச் செய்ததும், லபெல் குழுவினரின் 'லேடி மார்மலேட்' 1975இல் முதலிடம் பெறுமாறு உருவாக்கியதும் டூசான்டின் தயாரிப்புத் திறமே. பின்னதன் சொல்லும் மெட்டும் பிறருடையவை. அதற்கு அவர் தந்தது ஒலிவடிவம்.

பிறர்க்கு ஊதுகருவி இசை அமைத்துத் தருவதிலும் அவர் வல்லவர். 1971 டிசம்பரில் 'த பேண்ட்' என்னும் ராக் குழுவினர் நியூயார்க்கில் நடத்திய நிகழ்ச்சிகளுக்காக அவர் எழுதிச் சென்ற இசைக்குறிப்புகள் பயணத்தில் பெட்டியோடு தொலைந்தன. அவர் மீண்டும் அமர்ந்து அனைத்தையும் எழுதினார். அந்நிகழ்ச்சிப் பதிவு இன்றும் போற்றப்படுகிறது. போற்றுவோரில் பலர் மேடையில் நின்றோரை அறிவர். குறிப்பெழுதிய கையை அறியார்.

தமக்கென எழுதிய பாட்டு

பிறர்க்கென எழுதியவர் தமக்கென எழுதிய பாட்டும் உண்டு. 'இன்னும் இரண்டு வாரத்தில் இறப்பீர்கள் என்றால் என்ன செய்ய விரும்புவீர்கள்?' என்ற பொருளில் நண்பர் வான் டைக் பார்க்ஸ் அவரை ஒருமுறை கேட்டாராம். அவ்வினா சிறுவயதில் லூசியானா நாட்டுப்புறத்து உறவினர் வீட்டுக்குச் சென்ற இரவுகளை நினைவூட்டியது. விண்மீன் ஒளியில், திண்ணையில் அமர்ந்து முதியோர் சொன்ன கதைகளைக் கேட்ட இரவுகள் அவை. அந்நினைவே 'சதர்ன் நைட்ஸ்' என்னும் பாட்டாயிற்று. 1975இல் அதைத் தம் மெல்லிய குரலில் தாமே பாடினார். ஆனால் 1977இல் கிளென் கேம்பல் அதை விரைவு நடையில் பாட, அது முதலிடம் பெற்றது. தம் நெஞ்சின் அந்தரங்கத்தை எழுதியபோதும் ஊர் அதை மற்றொருவர் பாட்டாகவே கேட்டது.

1998இல் ராக் அண்ட் ரோல் புகழ்மன்றம் அவரைச் சிறப்பித்தது. எப்பிரிவில் தெரியுமா? 'மேடைக் கலைஞர் அல்லாதோர்' என்னும் பிரிவில். 'அல்லாதோர்' என்னும் எதிர்மறைச் சொல்லே ஒரு வாழ்நாள் உழைப்புக்கு வகைப்பெயராக அமைந்தமை சிந்திக்கத்தக்கது.

வெள்ளம் கொண்டதும் வெளியே வந்ததும்

2005 ஆகஸ்ட் 29ஆம் நாள் கத்ரினா புயல் தாக்கியது. கரைகள் உடைந்து நகரின் ஏறத்தாழ 80 விழுக்காடு நீரில் மூழ்கியது. டூசான்டின் வீடும், பியானோவும், இசையேடுகளும், சீ-செயின்ட் கூடமும் அழிந்தன. அறுபத்தேழு வயதில் நியூயார்க்கில் அடைக்கலம் புகுந்த அவர், 'ஜோஸ் பப்' என்னும் சிற்றரங்கில் தனியே அமர்ந்து வாசிக்கவும் பாடவும் தொடங்கினார். எந்த மேடையிலிருந்து வாழ்நாள் முழுதும் ஒதுங்கி நின்றாரோ, அம்மேடையே அவருக்கு வாழ்வளித்தது. 2006இல் எல்விஸ் காஸ்டெல்லோவுடன் இணைந்து 'த ரிவர் இன் ரிவர்ஸ்' என்னும் இசைத்தட்டை வெளியிட்டார். பின்னர்த் தம் ஊருக்கே திரும்பினார். 2013இல் அதிபர் ஒபாமாவின் கையால் தேசியக் கலைப் பதக்கம் பெற்றார். 2015 நவம்பரில் ஸ்பெயினின் மாட்ரிட் நகரில் நிகழ்ச்சி முடித்த இரவிலேயே மாரடைப்பு நேர்ந்து, 10ஆம் நாள் தம் எழுபத்தேழாம் வயதில் மறைந்தார்.

எம் கருத்து

'அவரே விரும்பித்தானே ஒதுங்கி நின்றார்? அதற்கு நாம் ஏன் வருந்த வேண்டும்?' என்று வாதிடுவோர் உண்டு. பின்னிருந்து பணிசெய்வதே தமக்கு இயல்பு என்று அவர் பேட்டிகளில் கூறியது உண்மையே. ஆனால், அடக்கம் படைப்பவனின் பண்பு. மறதி நுகர்வோரின் குறை. முன்னதைக் காட்டிப் பின்னதை நியாயப்படுத்துதல் முறையன்று. விருந்து படைத்தவர் அடுக்களையிலேயே நின்றுகொண்டார் என்பதற்காக உண்டவர் நன்றி சொல்லாமல் எழுந்து போகலாமா?

'பாடகர் இல்லையேல் பாட்டு ஏது?' என்பது மற்றொரு வாதம். கே-டோவின் குறும்பும் டார்சியின் சிரிப்பும் இல்லாமல் அப்பாட்டுகள் இல்லை என்பதை மறுப்பாரில்லை. பாடகரின் பங்கைக் குறைக்குமாறு யாம் கூறவில்லை. படைத்தவரின் பங்கையும் சேர்த்து எண்ணுமாறே வேண்டுகிறோம். பெயர் என்பது வெறும் புகழுக்காக மட்டும் அன்று. இசைத்தட்டில் ஆசிரியர் பெயர் இருந்தால்தான் உரிமைத்தொகை அவரைச் சேரும். பெயரை மறப்பது முதிர்ந்த வயதில் ஒருவரின் உணவை மறப்பதாகவும் முடியும்.

நியூ ஆர்லியன்ஸ் மக்கள் தம் கடனை ஓரளவு தீர்த்தனர். அடிமை முறையைக் காக்க எழுந்த தென்மாநிலக் கூட்டமைப்பின் படைத்தலைவர் ராபர்ட் லீயின் பெயரைத் தாங்கியிருந்த பெருஞ்சாலைக்கு, 2022 ஜனவரியில் அந்நகர மன்றம் ஆலன் டூசான்ட் பெயரைச் சூட்டியது. போர்த்தலைவன் பெயர் இருந்த இடத்தில் பாட்டெழுதியவர் பெயர்! இசைத்தட்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் மறைந்து கிடந்த பெயரை அச்சாலையில் செல்வோர் இன்று அண்ணாந்து படிக்கின்றனர்.

ஆயினும், படைத்தவர் பெயரை அறியச் சாலைப் பலகை வரை காத்திருக்க வேண்டுமா? இலக்கியம் பயிலும் மாணவர்க்கு யாம் கூற விழைவது இதுவே: நல்ல பாட்டொன்று செவியில் விழுந்தால் பாடியவர் யார் என்று கேளுங்கள், உடனே எழுதியவர் யார், இசையமைத்தவர் யார், உடனிருந்து உருவாக்கியவர் யார் என்றும் கேளுங்கள். அவர்கள் வாழும்போதே கேளுங்கள்.