இரு குதிரைகளும் ஒரு தாளமும்

குறுவைக்கு நாற்று விடும் நாள்களில், ஒரு மாலை கணவனும் மனைவியுமாக இருவர் நம் பங்கு இல்லத்துக்கு வந்தனர். திருமணமாகிப் பத்தொன்பது ஆண்டுகள். "வீட்டுப் பாரம் முழுவதும் என் தலையில்தான், சாமி" என்றார் அவர். "சுமப்பது நான், பெயர் அவருக்கு" என்றார் அம்மையார். பிரிந்து வாழத் தீர்மானித்து விட்டார்களாம். அறிவுரை கேட்க வரவில்லை, அறிவிக்கவே வந்திருந்தனர்.

நமக்கு உடனே மறுமொழி தோன்றவில்லை. சிறுவயதில் தஞ்சையில் கண்ட பொய்க்கால் குதிரையாட்டம் நினைவுக்கு வந்தது. அதைப் பற்றியே பேசினோம்.

மரக்காலில் ஆடுவது தமிழருக்குப் புதிதன்று. சிலப்பதிகாரம் கூறும் பதினோர் ஆடல்களில் மரக்காலாடலும் ஒன்று. 1676 முதல் 1855 வரை தஞ்சையை ஆண்ட மராத்தியர் காலத்தில் பொய்க்கால் குதிரையாட்டம் அங்கே செழித்தது. மூங்கிற் பிளாச்சுகளால் குதிரையின் கூடு கட்டி, காகிதமும் துணியும் ஒட்டி, வண்ணம் தீட்டுவர். ஆடுபவரின் கால்கள் தெரியாதபடி பட்டுத்துணி தொங்கும். ஒரு குதிரையில் இராசா, மற்றொன்றில் இராணி. தஞ்சை நாடிராவும் அவர் துணைவியார் காமாட்சியும் இவ்வாறு இணைந்து ஆடியே புகழ் பெற்றனர்.

பார்ப்பவருக்கு இராசா குதிரைமேல் சவாரி செய்கிறார். உண்மையிலோ குதிரைதான் அவர்மேல் சவாரி செய்கிறது! கூட்டின் பாரமெல்லாம் தோளில் மாட்டிய வாரில் தொங்குகிறது. கீழே மரக்கால்கள். அவற்றின்மேல் அசையாமல் நிற்க இயலாது. நின்றால் சாய வேண்டியதுதான். அடியெடுத்து வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதுவும் தன் போக்கில் அன்று. இணையின் அடியைப் பார்த்து, நையாண்டி மேளத்தின் தாளத்தைக் கேட்டு.

"இராணி சுகமாகச் சவாரி செய்வதாக இராசா நினைக்கலாம், இராசாவைப் பற்றி இராணியும் அவ்வாறே நினைக்கலாம். பட்டுத்துணியை விலக்கிப் பார்த்தால் இருவர் தோளிலும் வார் பதிந்த தழும்பு இருக்கும்" என்றோம்.

அவர்கள் சிரிக்கவில்லை. நெடுநேரம் மௌனமாயிருந்தனர். பிறகு அம்மையார், "இவருக்கு இரவில் உறக்கமில்லை, சாமி. கடன்" என்றார். அதுவரை இருவருமே சொல்லாத சொல் அது. எவ்வளவு கடன் என்று கணவர் அன்றுதான் மனைவியிடம் வாய்திறந்தார்.

அற்புதம் ஏதும் நிகழ்ந்துவிடவில்லை. "நடவு முடியட்டும், சாமி, பிறகு பார்ப்போம்" என்று எழுந்து போனார்கள். நடவு முடிந்தது, அறுவடையும் முடிந்தது. கடன் இன்னும் தீரவில்லை. ஆனால் பிரிவதைப் பற்றி அவர்கள் மீண்டும் பேச வரவில்லை.

அன்பு வாசகரே, நம் இல்லங்களிலும் பட்டுத்துணி தொங்குகிறது. இன்றிரவு உணவுக்குப் பின், உம் துணைவரிடம் ஒன்று கேட்டுப் பாரும்: "உன் தோளில் எந்த வார் அழுத்துகிறது?" மறுமொழி வரும்வரை பொறுத்திரும்.