சில்லைக்கு அரிசி வேண்டாம், புல் போதும்

இங்கிலாந்தில் பனிக்காலத்தில் வீட்டுப் பின்புறம் விதைத் தட்டு வைத்துக் குருவிகளுக்குத் தீனி போடும் காணொளிகளைப் பார்த்திருப்பீர்கள். ஆண்டிறுதி விடுமுறையில் நாமும் அப்படிச் செய்யலாமே என்று தோன்றும். பகாவ், ரந்தாவ், லிங்கி வட்டாரத் தோட்டங்களில் வசிக்கும் மாணவர்களுக்கு நான் சொல்வது இது: அரிசித் தட்டு வேண்டாம். அதைவிடப் பயனுள்ள ஒன்று இருக்கிறது.

அங்கே ஏன் போடுகிறார்கள் என்று முதலில் யோசியுங்கள். டிசம்பரில் லண்டனில் பகல் 8 மணி நேரம்கூட இருக்காது. மீதி 16 மணி நேரமும் குளிர், இருட்டு. உடல் சிறியதாக இருந்தால் வெப்பம் விரைவாக வெளியேறும். அதனால் ஃபின்ச் போன்ற சிறு குருவி பகலில் சேர்த்த கொழுப்பை இரவிலேயே எரித்துத் தீர்த்துவிடும். விடிந்ததும் விதை கிடைக்க வேண்டும். விதையோ பனிக்கு அடியில் கிடக்கும்.

சிரம்பானில் ஆண்டு முழுக்கப் பகல் நீளம் அரை மணி நேரம்கூட மாறுவதில்லை. பனியும் இல்லை. வடக்கு ஆசியாவிலிருந்து குளிருக்குத் தப்பி இங்கே வருகிற தகைவிலான்களுக்கும் நம் அரிசி உதவாது. அவை பறந்தபடியே பூச்சி பிடித்துத் தின்பவை.

நம் ஊரில் ஃபின்ச்சைப் போலக் கூம்பு அலகு கொண்டவை சில்லைகள். மலாயில் பிப்பிட் என்பார்கள். மார்பில் செதில் செதிலாகப் புள்ளி உள்ளது பிப்பிட் பினாங். வெள்ளைத் தலையுடையது பிப்பிட் ஊபான். இவற்றின் முக்கிய உணவு புல் விதை. நெல் வயலில் இறங்கினால் விவசாயி விரட்டுவார், அது வேறு கதை.

தட்டில் சோறு வைத்தால் யார் முதலில் வருவார்கள்? காகமும் மைனாவும் புறாவும்தான். இந்தக் காகமே 1890களில் காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டது. இரவில் மிச்சத்துக்கு எலி வரும். எலியின் சிறுநீரால் என்ன நோய் பரவும் என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று, தொற்று. பிரிட்டனில் 2005இல் கிரீன்ஃபின்ச் குருவிகளிடம் ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி காணப்பட்டது. புறாக்களிடம் நெடுங்காலமாக இருப்பது அது. தொண்டை வீங்கி விழுங்க முடியாமல் ஒரு குருவி துப்பிய விதையை அடுத்த குருவி அதே தட்டில் பொறுக்கும். 2006க்கும் 2009க்கும் இடையில் அவற்றின் எண்ணிக்கை ஏறக்குறைய 43 இலட்சத்திலிருந்து 28 இலட்சமாகக் குறைந்தது. தீனி போட்டவர்கள் எல்லாரும் அன்போடுதான் போட்டார்கள்.

காகத்துக்கு ஒரு பிடி வைத்துவிட்டுச் சாப்பிடும் பாட்டியை நான் தடுக்கச் சொல்லவில்லை. அது ஒரு பிடி. சில நொடிகளில் தீர்ந்துவிடும். நாள் முழுக்கக் கிடக்கும் தட்டைத்தான் வேண்டாம் என்கிறேன்.

சில்லைக்கு உண்மையில் குறைவது சோறு அல்ல, விதை முற்றும்வரை விட்டுவைத்த புல். செம்பனைக் கன்றுகளைச் சுற்றியும் லயத்து வீடுகளின் பின்புறமும் புல் தலைதூக்கும்போதே களைக்கொல்லி அடித்துவிடுகிறோம். பாராக்குவாட் 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனால் வேறு மருந்துகள் இருக்கின்றன. எந்த மருந்தானாலும் புல் செத்தால் விதை இல்லை. மருந்துத் தோம்பைச் சுமப்பவர் பல வீடுகளில் நம் அம்மாவோ சித்தியோதான். அடிக்கும் இடம் குறைந்தால் அவர்களுக்கும் நல்லது.

ஆகவே வேலியோரமாக இரண்டு மீட்டர் அகலத்துக்குப் புல்லை விட்டுவையுங்கள். பாம்பு வரும் என்று வீட்டில் சொல்வார்கள், நியாயமான பயம். அதனால் வாசலையும் நடைபாதையையும் ஒட்டி வேண்டாம், அங்கே வெட்டியே வையுங்கள். கொசு வராதபடி டின், டயர் எதுவும் அதற்குள் கிடக்கக்கூடாது. வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால், விதை உதிர்ந்த பிறகு பாதியை மட்டும் வெட்டுங்கள். மறுபாதியை அடுத்த முறைக்கு விடுங்கள்.