வந்து வந்து போகும் பிரேக் கோளாறு: பட்டறையில் ஏன் சிக்குவதில்லை?

கோலாலம்பூர் – கெந்திங் மலையிலிருந்து இறங்கும் காரின் பிரேக் பெடல் பாதி வழியில் இளகித் தரையைத் தொடுகிறது. ஓட்டுநர் பலமுறை மிதித்து எப்படியோ காரை ஓரங்கட்டுகிறார். மறுநாள் பட்டறையில் சோதித்தால் பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. ‘கோளாறு எதுவும் இல்லை’ என்ற பதிலோடு, பிரேக் பேட் மட்டும் மாற்றப்பட்டுக் கார் வீடு திரும்புகிறது.

பழைய கார் வைத்திருப்போருக்கு இச்சிக்கல் புதிதல்ல. முற்றிலும் பழுதான பிரேக்கோடு யாரும் சாலையில் இறங்க மாட்டார்கள். வந்து போகும் கோளாறோ, ‘சரியாகிவிட்டது’ என்று நம்பவைத்துக் குடும்பத்தையே மீண்டும் அதே காரில் ஏற்றுகிறது. ஆபத்து அங்குதான் இருக்கிறது.

இதற்குப் பிரேக் எண்ணெய் ஒரு முக்கியக் காரணம். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்தபின் அந்த வரம்பு 140 பாகைக்கு இறங்கிவிடலாம். நீண்ட இறக்கத்தில் விடாமல் பிரேக்கை மிதிக்கும்போது ஏறும் வெப்பத்தில் பழைய எண்ணெய் கொதித்து ஆவிக் குமிழ்கள் உண்டாகின்றன. மிதிக்கும் அழுத்தம் சக்கரத்தைச் சென்றடைவதற்குப் பதில் அந்தக் குமிழ்களை அமுக்குவதிலேயே வீணாகிறது. சூடு தணிந்தால் குமிழ்களும் மறைந்துவிடும். அதனால்தான் மறுநாள் பட்டறையில் எதுவும் தென்படுவதில்லை.

ஆகவே, கோளாறைக் கண்டறியும் பணி ஓட்டுநர் சொல்லும் விவரத்திலிருந்தே தொடங்க வேண்டும். பெடல் எப்படி இருந்தது என்பதே முதல் கேள்வி.

சிவப்பு விளக்கில் காத்திருக்கையில் பெடல் மெல்ல மெல்ல உள்ளே இறங்கி, மறுபடி மிதித்தால் மேலே வந்தால், மாஸ்டர் பம்பின் உள் ரப்பர் தேய்ந்திருக்கலாம். எண்ணெய் வெளியே கசியாததால் அதன் அளவை மட்டும் பார்ப்போர் இதைத் தவறவிடுவர்.

பெடல் கல்லைப் போல் இறுகினால் பிரேக் பூஸ்டரையும் அதன் வெற்றிடக் குழாயையும் சோதிக்க வேண்டும். இயந்திரத்தை அணைத்துப் பெடலைப் பலமுறை மிதித்து, பின் அழுத்தியபடியே இயந்திரத்தை முடுக்கினால் பெடல் சற்றுக் கீழிறங்க வேண்டும். இறங்காவிட்டால் பழுது அந்தப் பக்கம் என்று கொள்ளலாம்.

பெடல் உறுதியாக இருந்தும் கார் நிற்காமல், கருகிய வாடை வந்தால் பேட் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கலாம். நிற்கப் போகும் தறுவாயில் பெடல் அதிர்ந்தால் ஏபிஎஸ் சக்கர உணரியைக் கணினிக் கருவியால் ஆராய வேண்டும். ஓட்டுநரின் காலடி விரிப்பு பெடலுக்கு அடியில் நழுவிச் சிக்குவதும் உண்டு.

சிங்கப்பூரில் 3 ஆண்டு முதல் 10 ஆண்டு வரையிலான கார்களுக்கு 2 ஆண்டுகளுக்கு ஒருமுறையும், அதற்கும் பழைய கார்களுக்கு ஆண்டுதோறும் சோதனை கட்டாயம். மலேசியாவில் சொந்தப் பயன்பாட்டுக் கார்களுக்குப் பொதுவாக அத்தகைய தவணைச் சோதனை இல்லை. உரிமை மாற்றம் போன்ற சில தருணங்களில்தான் சோதனை நடக்கிறது. இதனால் பல ஆண்டுகள் பழைய கார்கூட உரிமையாளரின் கவனத்தை மட்டுமே நம்பி ஓடுகிறது. கட்டாயச் சோதனை வந்தாலும், சூடான பிறகே தலைகாட்டும் கோளாறு சில நிமிடச் சோதனையில் தப்பிவிடலாம்.

எனவே பிரேக் ஒருமுறை ஏமாற்றினாலும் இழுவை வாகனத்தில் காரைப் பட்டறைக்குக் கொண்டு செல்வதே நல்லது. எந்த இடம், எவ்வளவு நேரம் ஓட்டிய பிறகு, மழையா வெயிலா, எந்த எச்சரிக்கை விளக்கு எரிந்தது என்பதை அன்றே குறித்துக்கொண்டால் மெக்கானிக்கின் வேலை எளிதாகும். பிரேக் எண்ணெயின் ஈரப்பதம் அளக்கப்பட்டதா, மாஸ்டர் பம்ப் சோதிக்கப்பட்டதா என்று கேட்க பயனீட்டாளருக்கு உரிமை உண்டு. காரணம் தெரியாமல் பேட் மட்டும் மாற்றப்பட்ட காரில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் இறங்குவது தவிர்க்கப்பட வேண்டும்.