கொல்லைக் கொட்டகைக்குத் தகரக் கூரையா?

வில்லியனூர், பாகூர் பக்கம் கொல்லையில் ஒரு கொட்டகை இல்லாத வீடு அபூர்வம். மாடு கட்ட, விறகு அடுக்க என்று எதற்காவது வேண்டியிருக்கிறது. முன்பெல்லாம் கீற்றுதான். இப்போது அடிக்கடி மாற்றிக் கட்டக் கட்டுப்படியாகாமல் பலரும் தகர ஷீட்டுக்கு மாறிவிட்டோம். நல்லதுதான். ஆனால் சகோதரிகளே, கீற்று பறந்தால் நஷ்டத்தோடு போச்சு. தகரம் பறந்தால் அது கத்தி!

2011 டிசம்பர் 30-ம் தேதி காலையில் 'தானே' புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. காற்று மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகம். அப்படிப்பட்ட காற்றுக்குக் கூரைமேல் வைக்கும் கல்லும் மணல் மூட்டையும் எந்த மூலைக்கு? காற்று கூரையை மேலே தூக்கத்தான் பார்க்கும். ஒரு பக்கம் திறந்த கொட்டகையில் உள்ளே புகுந்தும் தள்ளும். ஆகவே பாரம் வைப்பதைவிடப் பிடித்துக் கட்டுவதுதான் முக்கியம்.

தகரம் ரீப்பரோடும், ரீப்பர் கைமரத்தோடும், கைமரம் தூணோடும், தூண் தரையோடும் பிணைந்திருக்க வேண்டும். இதில் ஒரு கண்ணி விட்டாலும் எல்லாம் போச்சு. கைமரத்தைத் தூணோடு இரும்புப் பட்டை போட்டு போல்ட்டால் முடுக்கச் சொல்லுங்கள். தூணின் அடியை மண்ணில் வெறுமனே புதைக்காமல் கான்கிரீட் போட்டு நிறுத்துங்கள்.

வெறும் ஆணி அடித்தால் காற்றின் ஆட்டத்தில் மெல்ல மெல்லக் கழன்று வரும். இரும்புக் குழாயில் மாட்டுவதானால் கொக்கி போல்ட், மரத்துக்கு ஸ்குரூ, இரண்டுக்கும் ரப்பர் வாஷர். அலையின் மேட்டில்தான் துளை போட வேண்டும். பள்ளத்தில் போட்டால் தண்ணீர் அதன் வழியே இறங்கும். ஓரங்களில்தான் காற்று முதலில் கை வைக்கும். அங்கே நெருக்கமாக முடுக்க வேண்டும். "அதெல்லாம் போதும்மா" என்று ஆசாரி சொன்னாலும் கீழே நின்று எண்ணிப் பாருங்கள்.

ஷீட்டின் மேல் ஷீட் ஒன்றரை அலையாவது ஏறியிருக்கட்டும். நமக்குப் பெருமழை வடகிழக்கிலிருந்து வருவதால், தெற்கு அல்லது மேற்குக் கோடியில் ஆரம்பித்து அடுக்கிக்கொண்டு வந்தால் சாரல் இடுக்கில் புகாது. துளை போட்ட இரும்புத் தூளை அன்றைக்கே பெருக்கிவிடுங்கள். விட்டால் அங்கிருந்தே துரு பிடிக்கும். கடல் காற்று வேறு சும்மா இருக்காது.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைக் கழற்றுகிறவர்கள் உடைக்கவோ அறுக்கவோ வேண்டாம். தண்ணீர் தெளித்து நனைத்து, முழுசாக இறக்க வேண்டும். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். அதன் தூசி நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது. எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸுக்கும் இது பொருந்தும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உடைந்த துண்டைக் கோழிக் கூண்டுக்கு மூடியாக்கும் சிக்கனம் வேண்டவே வேண்டாம்.

கரண்டு ஒயர் தகரத்தில் உரசவே கூடாது. தோல் தேய்ந்தால் கூரை முழுவதும் மின்சாரம் பாயும். கூரைக் கம்பியில் துணிக்கொடி கட்டும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

சித்திரை வெயிலில் தகரம் கொதிக்கும், மாடு பாவம். கூரையை உயர்த்திக் கட்டி, மேலே வெள்ளை பெயிண்ட் அடித்தால் சூடு குறையும். மேற்குப் பக்கம் ஒரு அவரைப் பந்தல் போட்டால் நிழலுக்கு நிழல், குழம்புக்குக் காய்.

ஐப்பசி பிறப்பதற்குள் ஒருமுறை எல்லா போல்ட்டையும் முடுக்கிப் பார்த்துவிடுங்கள். அரை நாள் வேலைதான்.