பிளேட்டை எண்ணாதீங்க, இடுப்பைக் கவனிங்க

டோர்னமென்ட் நெருங்கும்போது சாயங்காலம் நம்ம ஹாஸ்டல் ஜிம்முக்குப் போய்ப் பாருங்க. வாலிபால் டீமே அங்கதான் இருக்கும். தோளில் 100 கிலோ பார்பெல். ஆனா முட்டி மடங்குறது நாலு விரக்கடைதான்! "எவ்ளோ அடிக்கிற மச்சி?" என்று எல்லாரும் கேட்பார்கள். எவ்வளவு கீழே இறங்கினாய் என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். போன வருஷம் நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தன். முட்டிவலிதான் மிச்சம், ஜம்ப் ஒரு இன்ச் கூட ஏறல.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். உடம்பு 50 செ.மீ. மேலே எழும்பணும்னா, கால் தரையை விடும் நொடியில் வேகம் வினாடிக்கு 3.1 மீட்டர் வேண்டும். மடக்கிய காலை நிமிர்த்தும்போது உடம்பு மேலே வரும் தூரம் 40 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள், சுமார் கால் வினாடியில், அந்த வேகம் வந்தாகணும். இதற்குக் கால்கள் தரையை உந்த வேண்டிய சராசரி விசை, உடல் எடையைப் போல 2.25 மடங்கு! முன்தொடை மட்டும் தனியா இதைத் தராது. உடம்பிலேயே பெரிய தசையான புட்டத் தசையும் பின்தொடையும் சேர்ந்து இடுப்பை நிமிர்த்தணும். நாலு விரக்கடை ஸ்குவாட்டில் அவற்றுக்கு வேலை குறைவு.

அதனால முதலில் எடையைப் பாதியாக்குங்க. இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, தொடை தரைக்கு இணையாகும் வரை இறங்குங்க. முதுகு வளையக் கூடாது, குதிகால் தூக்கக் கூடாது. முட்டி கால்விரலைக் கொஞ்சம் தாண்டினால் தப்பில்லை. உள்பக்கம் சாயாமல் பார்த்துக்கோங்க. நிதானமா இறங்கி, வேகமா எழுங்க.

ஸ்குவாட் பலத்தைத் தரும். அதைக் கால் வினாடிக்குள் வெளியே கொண்டுவர ஜம்ப் பண்ணித்தான் பழகணும். அதுவும் ஐந்தைந்தாக, நடுவில் நல்ல ஓய்வோடு, ஒவ்வொன்றும் முழு வேகத்தில். ஸ்கூல்ல வாங்கின தண்டனை மாதிரி நூறு தோப்புக்கரணம் போட்டால் தாக்குப்பிடிக்கும் திறன் வரும், உயரம் வராது.

எடையைக் குறைச்சா பசங்க கலாய்ப்பாங்கதான். கலாய்க்கட்டும். இன்னைக்கே சுவர் பக்கத்துல எம்பி, கை எட்டுற இடத்துல சாக்பீஸால ஒரு கோடு போடுங்க. ரெண்டு மாசம் ஒழுங்கா செஞ்சுட்டு மறுபடி எம்பிப் பாருங்க. கை அந்தக் கோட்டைத் தாண்டலைன்னா என்கிட்ட சண்டைக்கு வாங்க!