புரோக்கரிடம் ஏகபத்தினி விரதமா?

வீடு விற்கிறவர்களுக்கு நண்பர் ஓர் உபதேசம் எழுதியிருக்கிறார். ஒரு புரோக்கரிடம் கொடுத்துவிட்டால் கடைசிவரை அவரிடமே இருக்க வேண்டுமாம். நடுவில் மாற்றுகிறவன் அவசரக்காரன், நன்றி கெட்டவன், அவன் வீடும் விலைபோகாமல் நிற்குமாம். புரோக்கர் என்பவர் குடும்ப டாக்டர் மாதிரியாம். படித்து முடித்ததும் எனக்கு ஒரே சந்தேகம். நண்பர் எப்போதாவது வீடு விற்றிருக்கிறாரா, அல்லது விற்றுக் கொடுத்துத்தான் பழக்கமா?

டாக்டரிலிருந்தே ஆரம்பிப்போம். டாக்டர் நோயாளியிடம் ஃபீஸ் வாங்குகிறார். நம் ஊர் புரோக்கர் விற்கிறவரிடம் ஒன்றோ இரண்டோ சதவீதம், வாங்குகிறவரிடமும் அதே அளவு என்று இரண்டு பக்கமும் கை நீட்டுகிறார். அது அவர் தொழில், குற்றம் சொல்லவில்லை. ஆனால் நோயாளியிடமும் வாங்கிக்கொண்டு நோயிடமும் வாங்குகிற டாக்டரை நண்பர் எந்த ஆஸ்பத்திரியில் பார்த்தார்?

என் வீட்டுக் கணக்கையே போடுகிறேன். விலை 80 லட்சம், கமிஷன் இரண்டு சதவீதம். அது 75க்கு இறங்கினால் எனக்கு 5 லட்சம் போகும். புரோக்கருக்கு என் பக்கத்தில் பத்தாயிரம், இரண்டு பக்கமும் சேர்த்தாலும் இருபதாயிரம். அந்த இருபதாயிரத்துக்காக இன்னும் மூன்று மாதம் வெயிலில் ஆளேற்றிக்கொண்டு அலைய அவருக்கென்ன தலையெழுத்து? ஸ்டீவன் லெவிட், சாட் சைவர்சன் என்ற இரண்டு பொருளாதாரப் பேராசிரியர்கள் சிகாகோ வட்டாரத்தில் நடந்த ஏறத்தாழ ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை அலசி 2008இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஏஜென்டுகள் சொந்த வீட்டை விற்கும்போது பத்து நாள் போலக் கூடுதலாகக் காத்திருந்து, 3.7 சதவீதம் அதிக விலை வாங்கியிருந்தார்கள். அடுத்தவன் வீடென்றால் அந்தப் பொறுமை இல்லை. லைசென்ஸும் எழுத்து ஒப்பந்தமும் இருக்கிற ஊரிலேயே இந்தக் கதை. டீக்கடை பெஞ்சில் வாய்ப்பேச்சாக வியாபாரம் நடக்கும் ஊரில், விற்கிறவன்தான் பொறுமையாக இருக்க வேண்டும் என்கிறார் நண்பர்.

இருந்து பார்த்தேன். அப்பா கட்டிய வீடு, ஏழு மாதம் ஒரே ஆளிடம். "பார்ட்டி கையிலயே இருக்கு சார், ஞாயித்துக்கெழமை உக்காந்து பேசிடலாம்" என்பார். ஞாயிற்றுக்கிழமைகள்தான் போயின. எதிர்வீட்டு அக்கா போன் செய்து, "இன்னிக்கும் ரெண்டு பேர் வந்து பாத்துட்டுப் போனாங்களே, சொல்லலியா?" என்று கேட்பார். புரோக்கர் மூச்சு விட்டதில்லை. பிறகு ஒருநாள், இரண்டு தெரு தள்ளிப் புதிதாக வீடு வாங்கிக் குடிவந்தவரிடம் பேச்சுக் கொடுத்தபோது உடைந்தது விஷயம். "உங்க வீட்டத்தான் சார் முதல்ல காட்டினாரு. விலையக் கேட்டதும் தலை சுத்திருச்சு. அப்புறம் இதக் காட்டினாரு, பரவால்லன்னு தோணுச்சு."

எங்கள் தெருவில் 80க்குத் தலைசுற்ற ஒன்றுமே இல்லை. ஆனால் ஒன்று புரிந்தது. ஏழு மாதமாக என் வீடு விற்பனைக்கே வரவில்லை. இன்னொருவர் வீடு விலைபோவதற்குத் திருஷ்டிப் பொம்மையாக நின்றிருக்கிறது.

பல கைக்குப் போனால் வீடு 'அடிபட்டுப்போகும்' என்பது நண்பரின் அடுத்த அஸ்திரம். உண்மைதான், ஐந்து பேர் ஐந்து விலை சொன்னால் வாங்க வருகிறவன் ஆறாவதாக ஒரு விலை கேட்பான். ஆனால் ஒரே சமயத்தில் ஐந்து பேரிடம் கொடுப்பது வேறு, ஒருவரை நிறுத்திவிட்டு இன்னொருவரிடம் போவது வேறு. முன்னதைத் திட்டிவிட்டுப் பின்னதைத் தோற்கடித்த மாதிரி மீசையை முறுக்குகிறார். அவர் சொல்லியிருக்க வேண்டிய ஒன்று உண்டு, அதைத்தான் விட்டுவிட்டார். மூன்று புரோக்கர்கள், ஒருவருக்கொருவர் தெரியாதவர்கள், ஒரே விலையைச் சொன்னால் கோளாறு நம் விலையில். அப்போது ஆளை மாற்றிப் பயனில்லை. இதை எழுதியிருந்தால் கீழே நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

இன்னொன்றையும் அவர் தொடவே இல்லை. "பவர் எழுதிக் குடுத்துருங்க சார், மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று புரோக்கர் ஆரம்பித்தால் அதற்குப் பிறகு யோசிக்க எதுவுமில்லை. அன்றைக்கே கும்பிடு போட்டுவிட வேண்டும்.

மிச்சம் இருப்பது நண்பர் எடுத்துவிடும் துரோகம் என்ற பெரிய வார்த்தை. 1872இல் வந்த இந்திய ஒப்பந்தச் சட்டம் இதில் எந்தக் குழப்பமும் வைக்கவில்லை. முகவருக்குக் கொடுத்த அதிகாரத்தை, கொடுத்தவர் திரும்ப எடுத்துக்கொண்டால் உறவு முடிந்தது என்கிறது 201ஆம் பிரிவு. காலக்கெடு பேசிவிட்டுத் தகுந்த காரணமில்லாமல் நடுவில் நிறுத்தினால் இழப்பீடு தர வேண்டும், முன்கூட்டித் தெரிவிக்கவும் வேண்டும் என்று 205, 206. முறைகேடு செய்த வேலைக்கு முகவர் கூலி கேட்க முடியாது என்று 220. வெள்ளைக்காரன் காலத்திலேயே தீர்ந்த வழக்குக்கு நண்பர் இப்போது கண்ணகி வேஷம் கட்டுகிறார்.

துரோகம் எது தெரியுமா? புரோக்கர் கூட்டிவந்த ஆளோடு அவருக்குத் தெரியாமல் பேசி முடித்துக் கமிஷனை அமுக்குவது. அதைச் செய்கிற வீட்டுக்காரர்கள் நிறையப் பேர், அவர்களைப் பற்றி நண்பர் எழுதட்டும், கைதட்டுகிறேன். விலகும்போது புரோக்கர் இதுவரை கூட்டிவந்தவர்களின் பெயர்களை வாட்ஸப்பில் வாங்கிக்கொண்டு, 'இவர்களில் யார் வாங்கினாலும் உங்கள் பங்கு உங்களுக்கு' என்று பதில் போட்டுவிட்டால் எவருக்கும் பாக்கியில்லை.

நான் அப்படிப் போட்டுவிட்டுத்தான் சாவி வாங்கப் போனேன். ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் அவர் ஆபீஸ். டிராயரில் முப்பது நாற்பது சாவிகள், ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய அட்டை. துழாவி எடுத்து மேசைமேல் வைத்தார். அட்டையில் நீல மையில் எங்கள் தெருப் பெயர், அதன் கீழே 80, அதற்கும் கீழே வட்டம் போட்டு 86.

அன்று சாயங்காலமே பூட்டை மாற்றினேன்.